உயிலங்குளம் தாண்டினால் வேறு நேரம்

ஜேர்மனியில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது. கோடையிலும் வராது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக அந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் பானை கழுவுகிறேன். இதை நான் கவனித்ததே இல்லை. மன்னாரில் இருந்து தங்கச்சி தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது.

ஜேர்மனிக்கு மட்டுமில்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் வராது. டில்லிக்கே வராது. எங்கள் மன்னாருக்கு வரும். அதுவும் வருஷத்தில் இரண்டு தரம். சித்திரை வருஷம் பிறக்கிற நாளை ஒட்டி ஒரு தரம், ஆவணியில் இன்னொரு தரம். அந்த நேரத்தில் நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. கொழும்பு வானொலியில் இதைச் 'சூரியன் உச்சம் கொடுக்கிறது' என்று சொல்வார்கள்.

குசினியில் என்னோடு நிற்கிற ஒருத்தி, "உங்கள் தீவில் சண்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள். கையில் இருந்த சட்டியைத் தொட்டிக்குள் எறிந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதை எழுதுவதற்கு அவளும் ஒரு காரணம்.

பெரிய காரணம் தங்கச்சி ஸ்டெல்லா. மன்னார்த் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், படித்து, பெரியமடுவில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனாள். பெரியமடு தீவில் இல்லை. பெருநிலத்தில் உள்ளே இருக்கிற, வயல் செய்கிற கமக்காரர் ஊர். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அநேகமாக மலைநாட்டில் இருந்து கலவரங்களில் அடிபட்டு வந்து குடியேறின சனத்தின் பிள்ளைகள். சண்டை நின்று, பாதை திறந்திருந்த காலம் அது. ஆனாலும் ரவுண் என்று நாங்கள் சொல்கிற மன்னார் நகரம் அரசாங்கத்திடமும் பெரியமடு இயக்கத்திடமும் இருந்தன. நடுவில் உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி.

முந்தின வருஷம் ஸ்டெல்லா ஊரையே பள்ளிக்கூட முற்றத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். கம்பு நட்டு, இப்போது நிழல் மறையும் என்று சொல்லியிருக்கிறாள். நிழல் மறையவில்லை. ஒரு சாண் நீளத்துக்குக் கிழக்குப் பக்கம் விழுந்து கிடந்தது. ஊர் சிரித்தது. அரைநாள் கூலியை விட்டு வந்தவர்கள் ஏசினார்கள். அன்றையில் இருந்து அவளுக்குப் 'பொய் டீச்சர்' என்று பெயர். பள்ளிக்கூடச் சுவரில் கரியாலும் எழுதிவிட்டார்கள். அதைவிட மோசம், விஞ்ஞான வகுப்பில் இருந்த பெட்டைப் பிள்ளைகளைத் தாய்மார் ஒவ்வொருவராக மறித்து வயல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொய் சொல்கிறவளிடம் படித்து என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டார்கள்.

ஸ்டெல்லா ரவுணுக்கு வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, எனக்கு உடுப்பும் வேண்டாம், சொக்கிலேட்டும் வேண்டாம். மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு ஒண்டு கொண்டு வாங்கோ. போன வருஷம் என்ர கம்பு சரிஞ்சு நிண்டிருக்கு. அதுதான் நிழல் விழுந்தது."

"தூக்குக்குண்டு வாங்க ஜேர்மனிக்கோ ஆள் விடுறது? அங்க மேசன்மார் இல்லையோ?"

"பொய் ரீச்சருக்கு ஆர் இரவல் தருவினம்?"

அவளை என்னிடம் எடுப்பதற்கு நான் வருஷக்கணக்காக அலைந்து, கடைசியில் வழி சரிவந்திருந்தது. அவள்தான் பிடிகொடுக்காமல் நின்றாள். அன்றைக்கு அவளே சொன்னாள்: "இந்த முறையும் நிழல் விழுந்தா நான் அந்தப் பள்ளிக்கூடத்தில நிக்கேலாது. உங்களோட வாறன்."

நல்ல பாரமான பித்தளைக் குண்டாகப் பார்த்து வாங்கினேன். வாங்கும்போதே, நிழல் விழவேண்டும் என்று மடு மாதாவை மன்றாடினேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

*

முதல் நாள் மன்னாரில், உப்புக்குளத்தில் மச்சாள் வீட்டில் நின்றேன். விடியவே புட்டும் சுறா வறையும் வைத்தாள். மூன்று தரம் போட்டுத் தின்றேன். ஜேர்மனியில் மீனை ஒரு பெட்டிக்குள் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை, மணமும் இல்லை.

ஊரைப் பார்க்க லீனஸ் என்ற பெடியனின் ஓட்டோவில் ஏறினேன். மன்னார்க் கழுதைகள் நடுறோட்டில் நின்றன. லீனஸ் ஹோண் அடித்தான். ஒன்றுகூட அசையவில்லை.

"இதுகளுக்கு ஊரடங்குச் சட்டமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை," என்றான் லீனஸ். "மன்னாரில சுதந்திரமாத் திரியிறது இவையள்தான்."

பள்ளிமுனையில் பெருக்குமரத்தைப் பார்க்க நிறுத்தினான். சின்னதில் அதைச் சுற்றி ஓடியிருக்கிறேன். அது என்ன மரம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. ஆபிரிக்காவில் இருந்து வந்த மரம். ஒட்டகத்துக்குத் தீனியாக அரபு வியாபாரிகள் கொண்டு வந்தார்கள் என்று சொல்கிறார்கள். மழை பெய்யும்போது அடிமரத்துக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்து, வரட்சிக்கு அதில் இருந்து சீவிக்கும். பூ இரவில் விரியும். வௌவால் வந்துதான் மகரந்தம் மாற்றும். இவ்வளவு வேலை பார்க்கிற மரத்துக்குப் பக்கத்தில் ஒருவன் சைக்கிளைச் சாத்திவிட்டு நித்திரை கொண்டான்.

"அக்கா, பிறந்தது ஒரு தேசம், வேர் விட்டது ஒரு தேசம். ஆனா வயித்தைப் பாருங்கோ, என்ன மாதிரிப் பெருத்திருக்கு!"

"டேய், என்னையோ சொல்லுறாய்?"

"ஐயோ, மரத்தைச் சொன்னனான்!"

மத்தியானம் கடற்கரையில் இறக்கிவிட்டான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இந்தக் கடலைப் பார்த்து 'வடிவாயிருக்கு' என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கடல் தட்டை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தட்டை இல்லை. பூமியின் இழுவை இடத்துக்கு இடம் கூடிக் குறையும். உலகத்திலேயே பெரிய பள்ளம் எங்கள் நாட்டுக்குத் தெற்கே இருக்கிற கடலில்தான். அங்கே தண்ணீர் மட்டம் இருக்கவேண்டிய அளவைவிட நூறு மீற்றருக்குக் கிட்டத் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவனுக்கு இறக்கம் தெரியாது. ஜேர்மனியில் நிற்கிறதைவிட மன்னாரில் நான் ஒரு துளி பாரம் குறைவு. மச்சாள் வீட்டுப் புட்டுக்குப் பிறகு அது சரியோ தெரியாது.

*

இரண்டாம் நாள் உயிலங்குளம்.

பஸ்சில் இருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. என் முறை வந்ததும் ஒரு சின்ன வயது ஆமிக்காரன் பையைக் கொட்டிக் கிளறினான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பித்தளைச் சாமானைத் தூக்கிப் பிடித்தான். கூர் முனை வெயிலில் மினுங்கியது.

"இது என்ன?" என்று தமிழில் கேட்டான்.

"தூக்குக்குண்டு."

அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கொஞ்சம் தெரிந்ததுதான் பிழையாகப் போனது. துவக்கு நிமிர்ந்தது.

"குண்டு?"

"ஓம், குண்டு. தூக்குக்குண்டு!" செவிடனுக்குச் சொல்வதுபோல நான் இன்னும் உரத்துச் சொன்னேன்.

பின்னால் நின்றவர் தலையில் கையை வைத்தார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், வாயை மூடுங்கோ! அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லாதேங்கோ!"

அவர் மேசன். நல்ல காலம், சிங்களம் தெரிந்தவர். சுவர் கட்டுகிற மாதிரியும் நூல் பிடிக்கிற மாதிரியும் கையால் காட்டி, நடுநடுவே 'பாஸ், பாஸ்' என்று மேசனுக்குச் சிங்களத்தில் சொல்கிற சொல்லையும் சொல்லி விளங்கப்படுத்தினார். உள்ளே இருந்து ஓர் அதிகாரி வந்தார். குண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை மேசன் எனக்கு மாற்றிச் சொன்னார்: "ஆளை விடு. சாமான் இங்கே நிற்கட்டும். திரும்பி வரும்போது எடுக்கலாம்."

"வீடு கட்டப் போறது?" என்று கேட்டான் சின்ன ஆமிக்காரன்.

"இல்லை. சூரியனைப் பாக்கப் போறன். பிறகு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

இதை அவன் எவ்வளவுக்கு விளங்கினானோ தெரியாது. குண்டைத் தன் மேசையில் காகிதங்கள் பறக்காமல் தூக்கி வைத்தான். ஜேர்மனியில் இருந்து நான் சுமந்து வந்த சாமான் அரசாங்கத்துக் காகிதத்துக்குப் பாரமாகப் போனது.

இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத சூனியப் பிரதேசத்தைத் தாண்டி மறுபக்கம் போனேன். பத்து மணி பஸ் என்று லீனஸ் சொல்லி விட்டிருந்தான். பத்தாயிற்று, பத்தரையும் ஆகப்போனது. பஸ் நின்றது, புறப்படவில்லை. சாரதி சீற்றில் காலை மடக்கி வைத்து நித்திரை. நான் கதவில் அடித்தேன்.

"இது பஸ்சோ, சவப்பெட்டியோ? பத்து மணி எண்டா பத்து மணிக்கு எடுக்கவேணும். அரை மணித்தியாலமாச் சனம் காயுது!"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "அக்கா, கையில கட்டியிருக்கிறது பழைய நேரமோ, புது நேரமோ?"

"என்ன பழைசு, புதுசு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கொழும்பு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வருஷக்கணக்காகிவிட்டது. இயக்கத்தின் பக்கம் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். ஆகவே உயிலங்குளத்தில் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இரண்டு நேரம். அந்தப் பாதையில் போகிறவர்கள் கலியாணத்துக்குச் சொன்னாலும், செத்த வீட்டுக்குச் சொன்னாலும் முதலில் கேட்பது இதைத்தான்: பழைய நேரமோ, புது நேரமோ?

"உங்கட மணிக்கூடு அரசாங்கத்து மணிக்கூடு," என்றார் சாரதி. "என்ர பஸ் பிந்தேல்லை. நீங்கள்தான் முந்தி வந்து நிண்டு ஏசுறியள்."

அந்த பஸ்சும் பாதி வழியில் படுத்துவிட்டது. வைக்கோல் ஏற்றி வந்த உழவு இயந்திரம் ஒன்றில் ஏறி, முதுகு முழுக்கச் சொறிந்துகொண்டு பெரியமடுவில் போய் இறங்கினேன்.

*

ஸ்டெல்லா மெலிந்து கறுத்திருந்தாள். கட்டிப்பிடித்த கையோடு கேட்டாள்: "குண்டு எங்க அக்கா?"

சொன்னேன். ஆமிக்காரனைச் சொன்னேன், மேசனைச் சொன்னேன், பஸ் சாரதியிடம் வாங்கிக் கட்டியதையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவள் ஒரேயடியாக நிறுத்தினாள்.

"அக்கா. கொழும்பு ரேடியோ சொல்லுறது எந்த நேரம்?"

"கொழும்பு நேரம்தானே சொல்லுவான்."

"பன்னிரண்டு நாப்பது எண்டு சொன்னவன். நான் இஞ்சத்தை மணிக்கூட்டில பன்னிரண்டு நாப்பதுக்குக் கம்பு நட்டனான்." பொத்தென்று நிலத்தில் இருந்துவிட்டாள். "அது எங்களுக்குப் பன்னிரண்டு பத்து. அரை மணித்தியாலம் பிந்தி நிழலைப் பாத்திருக்கிறன். நிழல் கிழக்கால விழுந்ததே. சூரியன் மேற்கால சரிஞ்சிட்டுது. கம்பு நேராத்தான் நிண்டிருக்கு!"

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேக்கிற கேள்வி. அண்டைக்குக் கேக்கேல்லையோ?"

"சூரியனுக்கு என்ன பழசு புதுசு, அது எல்லாருக்கும் ஒண்டுதானே எண்டு நினைச்சிட்டன்."

அவள் விஞ்ஞானம் தெரியாமல் பிழை விடவில்லை. மற்ற ஊர்களில் மணிக்கூடு பார்த்தால் நேரம் தெரியும். எங்கள் ஊரில் யாருடைய மணிக்கூடு என்றும் பார்க்கவேண்டும். இப்படி ஒரு பிழையை விட உலகத்தில் வேறு எந்த ரீச்சருக்கும் தலைவிதி இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள்மீது இல்லை.

அந்தக் கோபத்தில், நிழல் விழவேண்டும் என்று மாதாவிடம் கேட்டதையும் மறந்துபோனேன்.

*

அடுத்த நாள் மத்தியானம் சூரியன் உச்சம். அதற்கு மறுநாள் ஊருக்கு வருஷப் பிறப்பு. யாரும் வர ஆயத்தமில்லை. அன்று பின்னேரமே நான் வீடு வீடாகப் போனேன். முதல் வீடு ராசாத்தி வீடு. மூன்று பெட்டைகளின் தாய். பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளை முதலில் மறித்தவள் அவள்தான். ஆனாலும் வாசலில் நின்ற என்னை இருத்தி, சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும் தந்தாள். அதைப்போல ரொட்டி நான் தின்றதில்லை.

"போன வருசம் அரைநாள் கூலிய விட்டுட்டு வந்து கம்பப் பாத்தோம்ங்க," என்றாள். "இந்த வருசம் பலகாரம் சுடணும்."

"இந்த முறை பிழைக்காது."

"ஒங்க தங்கச்சி நல்ல புள்ளதான். ஆனா வாயத் தொறந்தா நம்புற மாதிரி ஒண்ணும் வராது. எங்க வயல மிதிக்கிற யானைக்குக் கடல்ல சொந்தக்காரன் இருக்கானாம். எம்புள்ள வந்து சொல்லுது!"

"ஆவுளியாவைச் சொல்லியிருப்பாள். கடற்பன்றி எண்டும் சொல்லுவினம். உண்மைதான்."

"அட, அக்காவும் அதே ரகமா!"

"கேள் பிள்ளை. நான் சின்னதில எங்கட வலையில பட்டதைக் கண்டனான். மீனில்லை அது. மூச்செடுக்க மேல வரும். புல்லுத் தின்னும். குட்டிக்குப் பால் குடுக்கும். பால் மடி எங்க இருக்கு தெரியுமோ? மாடு மாதிரிப் பின்னுக்கில்லை. முன் கைக்குக் கிட்ட, ரெண்டு."

ராசாத்தி ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள். யானையை அவள் எத்தனையோ தரம் கிட்டத்தில் கண்டிருக்கிறாள்.

"யானைக்கும் முன்னங்கால் பக்கந்தான்," என்றாள் மெதுவாக.

"அப்ப? பெரியமடுக் காட்டில நிக்கிறதும் மன்னார்க் கடலில கிடக்கிறதும் ஒரே பரம்பரை. ஒண்டு தண்ணிக்குப் போனது, ஒண்டு காட்டில நிண்டது."

அவள் யோசித்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நாளைக்கும் நெழலு விழுந்தா?"

"விழுந்தா நான் ஒரு கிழமைக்கு உன்ர வீட்டுக்குத் தண்ணி அள்ளித் தாறன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஜெர்மனிக்காரவுங்க கொடம் தூக்குறத பாக்கவாச்சும் வர்றோம்ங்க."

பேச்சு எப்படிப் பரவியதோ, அடுத்த நாள் முற்றம் நிறைந்தது. முக்கால்வாசிப் பேர் நான் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள். ஒருத்தி குடமும் கொண்டு வந்திருந்தாள்.

வீட்டுப் பூட்டை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கம்பை நிமிர்த்தினோம். அவ்வளவுதான் வேலை. ஒரு பூட்டும் நூலும் போதும் என்று தெரிந்திருந்தால் நான் உயிலங்குளத்தில் குண்டு குண்டு என்று கத்தியிருக்கத் தேவையில்லை. ஸ்டெல்லா ஊர் மணிக்கூட்டைக் கையில் வைத்திருந்தாள். கம்பின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி அரைச் சாணுக்கு வந்தது.

அப்போது முகில் மூடியது.

முற்றமே சாம்பலாகிவிட்டது. நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. "ஆ, நெழலு போயிருச்சு டீச்சர்!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இனி உங்களோடு வருகிறேன் என்கிற பார்வை. நான் கேட்டு மன்றாடினது அதுதான். ஆனால் வானத்தைப் பார்த்து, "விலகித் துலையன்!" என்று நான் கத்தினேன். சனம் இன்னும் சிரித்தது.

சனத்துக்குத் தாகம். ராசாத்தி சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனாள். முகில் கிழிந்தது. வெயில் விழுந்தது. அதோடு கிணற்றடியில் இருந்து ஒரு சத்தம்.

"ஐயோ! கெணத்துக்குள்ள பாருங்க!"

எல்லாரும் ஓடினோம். ஆழமான கிணறு. எந்த நாளும் அதன் உள்சுவரில் ஒரு பக்கமாவது இருட்டாக இருக்கும். இப்போது இருட்டு ஒரு பக்கமும் இல்லை. வெயில் நேராக இறங்கி அடியில் கிடந்த மணலையும், எப்போதோ விழுந்த வாளி ஒன்றையும் காட்டியது. எட்டிப் பார்த்தவர்களின் தலைகள் மட்டும் தண்ணீரில் கறுப்பு வட்டங்களாக மிதந்தன.

"கம்பு!" என்று கத்தினாள் ஸ்டெல்லா.

திரும்பி ஓடினோம். கம்பு நின்றது. நிழல் இல்லை. ராசாத்தி குனிந்து நிலத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள். நிழல் பாதத்துக்குக் கீழே போய்விட்டது. பெட்டைகள் குதித்துக் குதித்துத் தங்கள் நிழலைத் தேடினார்கள்.

"இப்ப லண்டனில நிக்கிறவனுக்கு இது இல்லை. ஜேர்மனியில நிக்கிறவனுக்கு எந்தக் காலத்திலயும் இல்லை," என்றேன். "சூரியன் இப்ப உங்கட தலையிலதான் நிக்குது."

ஒரு கிழவர் மேலே பார்த்துவிட்டு ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "டீச்சர், இது பழைய நேரமா, புது நேரமா?"

"ரெண்டும் இல்லை ஐயா," என்றாள் ஸ்டெல்லா. "இதுதான் நேரம்."

பின்னேரம் ராசாத்தி வந்தாள். கையில் பலகாரத் தட்டு, பின்னால் மூன்று பெட்டைகள். தட்டை என்னிடம் தந்தாள். பெட்டைகளை ஸ்டெல்லா பக்கம் தள்ளினாள். "தண்ணி தூக்குறதுல இருந்து தப்பிச்சிட்டீங்க," என்று மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடச் சுவரில் இருந்த கரி எழுத்தை யாரோ அழித்திருந்தார்கள். அழித்த இடம் ஊத்தையாகத்தான் இருந்தது. எனக்கு அது வடிவாகத் தெரிந்தது.

ஸ்டெல்லாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வருஷப் பிறப்பன்று என் உடுப்பை மட்டும் மடித்தேன். குசினியில் என்னோடு நிற்கிறவளுக்குச் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவள் நிற்கிற இடத்துக்குச் சூரியன் ஒருநாளும் நேராக வந்ததில்லை, அதை முதலில் சொல்வேன்.

உயிலங்குளத்தில் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினேன். அதே சின்ன ஆமிக்காரன்தான் நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான். மேசையில் இருந்த குண்டை எடுத்துத் தந்தான். காகிதங்கள் பறந்தன. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"தங்கச்சி எங்க?"

"வரேல்லை. அவளுக்கு அங்க வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"ஆவணியில சூரியன் திரும்பி வருகுது," என்றேன். "அவள் நிக்கவேணும்."